ஆற்றில் அடித்து வந்த கட்டையை மீன் தொட்டிக்குப் பக்குவப்படுத்தல்

ஆறுகளில் வெள்ளம் வந்து வடிந்த பின்னர், படுகை நிலங்களிலும் கரையோரப் பட்டா நிலங்களிலும் வேரோடு பெயர்ந்த மரங்களும், முறிந்த கிளைகளும், பல வருஷங்கள் மணலிற் புதைந்து கிடந்து மேலே வந்த வேர்க்கட்டைகளும் ஒதுங்கிக் கிடப்பது யாவரும் அறிந்ததே. 2018-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் காவிரியிலும் கொள்ளிடத்திலும், 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் தாமிரபரணியிலும் வந்த வெள்ளங்கள் பலருக்கு நினைவிருக்கும். இவ்வாறு ஒதுங்கும் கட்டைகள் பெரும்பாலும் அடுப்புக்கே போகின்றன. ஆயினும், வீடுகளில் கண்ணாடித் தொட்டி வைத்து அலங்கார மீன் வளர்ப்போர் இவற்றை விலை கொடுத்து வாங்குகிறார்கள். கடைக்காரர்கள் இதனை 'டிரிப்ட்வுட்' என்று சொல்லுவர். சென்னைக் கொளத்தூரும் அதனைச் சுற்றியுள்ள இடங்களும் இவ்வியாபாரத்திற்குப் பேர் பெற்றவை. 2020-ஆம் வருஷம் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் அலங்கார மீன் வளர்ப்புக்கும் உதவி அளிக்கப்பெற்றதால், கிராமங்களிலும் கொல்லைப்புறத்தில் தொட்டி கட்டி மீன் வளர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

கட்டையைக் கண்டெடுத்தவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "இதை எத்தனை மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும்?" என்பதே. அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அக்கட்டை எங்கே கிடந்தது, எந்த ஜாதி மரம், அதன் மேல் என்ன பட்டிருக்கிறது என்பவையே முதலில் விசாரிக்கத் தக்கவை. கொதிக்க வைத்தலானது கட்டையிலுள்ள புழு, பூச்சி, பூஞ்சணம் முதலிய உயிர்களைக் கொல்லும். மரத்தில் ஊறிப் போன மருந்தையும் நஞ்சையும் போக்காது. இதனை உணராமல் அவித்த கட்டையெல்லாம் சுத்தமான கட்டை என்று எண்ணித் தொட்டியில் இட்டால், ஒரு குடும்பம் பல மாதம் வளர்த்த மீன்கள் ஓரிரவில் மடிய நேரிடும்.

கட்டையினால் உண்டாகும் பயன்

கட்டை தொட்டிக்கு அழகு மாத்திரம் தருவதன்று. மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. இது மீன்களுக்கு விஷமாகும். நம் வயல் மண்ணில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் இருப்பது போலவே, மீன் தொட்டியிலும் அவ்வேலையைச் செய்யும் நுண்ணுயிர்கள் உண்டு. அவை தங்கி வளர்வதற்குச் சொரசொரப்பான இடம் வேண்டும். கட்டையின் மேற்பரப்பு அதற்கு மிகவும் ஏற்றது. சிறு மீன்கள் பெரிய மீன்களுக்கு ஒதுங்கி ஒளியவும் கட்டை இடம் கொடுக்கும்.

மேலும், கட்டையிலிருந்து டானின் என்னும் துவர்ப்பொருள் கசிந்து தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும். சண்டை மீன் வளர்ப்போர் நாட்டு வாதுமையின் காய்ந்த இலையைத் தொட்டியில் இடுவதும் இத்துவருக்காகவே. துவர் தண்ணீரைச் சற்றே அமிலப் பாங்காக மாற்றும். டெட்ரா, டிஸ்கஸ் முதலிய மீன்களுக்கு இது உகந்தது. கப்பி, மோலி முதலிய குட்டி போடும் மீன்களோ சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீரையே விரும்பும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்று நீரில் கட்டையினால் உண்டாகும் மாறுதல் சொற்பம்; மழை நீர் போன்ற மென்னீரில் அது அதிகம். ஆதலால் எந்த மீனுக்கு, எந்தத் தண்ணீரில் கட்டை வைக்கப் போகிறோம் என்பதை முன்னதாகவே தீர்மானித்தல் நலம்.

எங்கே கிடந்த கட்டை?

பின்வரும் இடங்களிற் கிடந்த கட்டைகளைத் தொடவே கூடாது.

முதலாவது, மருந்தடிக்கும் வயல்களின் வடிகால்களிலும், மருந்து கலக்கும் இடத்திலும், பம்பு செட்டுத் தொட்டி ஓரத்திலும் கிடந்தவை. பருத்திக்கும் காய்கறிக்கும் நாம் தெளிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் முதலிய மருந்துகள் மீன்களுக்கு மிகக் கொடியவை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அல்லது அதன் சில மடங்கு இருந்தாலே பல ஜாதி மீன்கள் இறந்துபடும். இம்மருந்துகள் தண்ணீரில் எளிதிற் கரைவதில்லை. மரத்திலும் சேற்றிலும் ஒட்டிக்கொள்ளும் சுபாவமுடையவை. ஆகவே கழுவிப் போக்கிவிடலாம் என்று நம்புவதற்கில்லை.

இரண்டாவது, கழிவு நீர் பாய்ந்த ஆறுகள். தோல் பதனிடும் ஊர்களை ஒட்டிய பாலாற்றுப் பகுதியிலும், சாயப்பட்டறைக் கழிவு சேர்ந்து வந்த நொய்யலாற்றுப் பகுதியிலும் கிடைக்கும் கட்டைகளை விட்டுவிட வேண்டும். ஊர்ச் சாக்கடை கலக்கும் இடங்களுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, முன்பு மனிதர் உபயோகித்த மரம். வேலிக்கால், பந்தற்கால், படகுப் பலகை, கட்டடச் சாரம் ஆகியவை வெள்ளத்தில் வந்து பழங்கட்டை போலவே தோன்றும். வேலிக்காலுக்குத் தார் பூசியிருப்பார்கள், கரையானுக்கு மருந்திட்டிருப்பார்கள். திராட்சைப் பந்தலின் கால்களில் போர்டோக் கலவையின் தாமிரம் படிந்திருக்கும். நாட்டுப் படகுகளுக்கு முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெய் பூசுவதுண்டு. ஆணித் துவாரம், ரம்பம் பட்ட முகம், வர்ணம் இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் அக்கட்டையைத் தள்ளிவிட வேண்டும். மண்ணெண்ணெய், தார், மருந்து ஆகியவற்றின் வாடை வருகிறதா என்று நனைத்து முகர்ந்து பார்ப்பதும் அவசியம்.

நான்காவது, கடற்கரையில் ஒதுங்கிய கட்டை. இதில் உப்பு ஆழமாக ஊறியிருக்கும். அதை வெளியேற்றப் பல மாதம் செல்லும். ஆற்றுக் கட்டை கிடைக்குமிடத்துக் கடற்கட்டையை நாடுவதில் லாபமில்லை.

எந்த ஜாதி மரம்?

மீன் குளங்களில் வேண்டாத மீன்களை ஒழிப்பதற்கு இலுப்பைப் புண்ணாக்கு இடுவதை அறிந்தவர்களுக்கு, மரங்களின் சத்து மீன்களை எவ்வளவு தூரம் பாதிக்கக் கூடும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. அரளி, பொன்னரளி, எட்டி, எருக்கு, கள்ளி வகைகள் ஆகியவற்றின் கட்டையை எக்காரணம் கொண்டும் எடுக்கலாகாது. உப்பங்கழி ஓரங்களில் வளரும் தில்லை மரத்தின் பால் மனிதர் தோலையே கொப்புளிக்கச் செய்யும். கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும். மருக்காரையின் காயும் புங்கின் விதையும் மீன் மயக்கப் பயன்பட்டவை. வேம்பு பூச்சிகளை விரட்டும் சத்துடையது. இம்மரங்களையும் விலக்குவதே உத்தமம். பிசின் வடியும் மரங்களும் ஆகா.

முருங்கை, கல்யாண முருங்கை, இலவம் முதலிய மென்மரங்கள் தண்ணீரில் விரைவில் அழுகும். தென்னையும் பனையும் நார் நாராகப் பிரிந்துபோம்.

கொய்யா, புளி, நாவல் ஆகியவற்றின் முற்றிய கட்டையும் வேரும் ஏற்றவை. மருதும் கருவேலும் வன்மையானவை. ஆயினும் துவர் மிகுந்தவையாதலால் அதிக நாள் ஊற வேண்டும். மரத்தின் ஜாதி தெரியவில்லை என்றால், ஊரிலுள்ள தச்சரிடமோ விறகு வெட்டியிடமோ ஒரு சிறு துண்டைக் காட்டிக் கேட்கலாம். அவர்களுக்கும் தெரியாத கட்டையை விட்டுவிடுவதே புத்தி.

வைரமும் வெளிறும்

மரத்தின் நடுவிலுள்ள முற்றிய பாகம் வைரம். அதனைச் சுற்றியுள்ள இளம் பாகம் வெளிறு. வெளிற்றில் மாவுச்சத்தும் சர்க்கரைச் சத்தும் இருக்கின்றன. அவற்றை உண்ண நுண்ணுயிர்கள் தொட்டியிற் பெருகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயு குறைந்துபோம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறுவது இதன் அடையாளமாகும். பச்சைக் கட்டை மீன் தொட்டிக்கு உதவாது என்பதற்கும் இதுவே காரணம்.

வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கிற் கிடந்த கட்டையில் பட்டையும் வெளிறும் தாமே உளுத்து உதிர்ந்து வைரம் மாத்திரம் நிற்கும். அதுவே நமக்கு வேண்டியது. கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழலாகாது. ஒடித்தால் உள்ளே பச்சை இருத்தல் கூடாது. சேற்றிற் புதைந்த முனை கறுத்து, அழுகிய முட்டை போல் நாறினால், அப்பாகத்தை அறுத்தெறிய வேண்டும்.

சுத்தம் செய்தலும் அவித்தலும்

எஞ்சிய பட்டையைக் கத்தியாற் செதுக்கி, உளுத்த இடங்களைச் சுரண்டி, கம்பித் தூரிகையால் நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு, சலவைத் தூள் எதையும் உபயோகிக்கலாகாது. மரம் அவற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னர் தொட்டியிற் கக்கும். கிளிஞ்சல், சுண்ணாம்புப் பொருக்கு ஒட்டியிருக்கிறதா என்றறிய வினிகர் சில துளி விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் அவ்விடத்தைச் சுரண்டிவிட வேண்டும்.

பின்னர் கட்டையை அவிக்க வேண்டும். சமையற் பாத்திரமும், மருந்து கலக்கிய டிரம்மும் இதற்கு ஆகா. நெல் அவித்துக் கழித்துவிட்ட பழைய அண்டா தகுதியானது. கட்டை முழுவதும் மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி, மேலே கல்லை வைத்து அழுத்தி, காற்றோட்டமான வெளியிடத்தில் கொதிக்க விட வேண்டும். விரற் கனமுள்ள கட்டைக்கு அரை மணி நேரமும், முழங்கைக் கனமுள்ளதற்கு 2 மணி நேரமும் போதும். மரத்தினுள் உஷ்ணம் மெதுவாகவே செல்லுமாதலால் அவசரப்படலாகாது. தண்ணீர் கறுத்ததும் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை இவ்வாறே செய்தல் நன்று.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. கட்டை மிதப்பது அதன் துவாரங்களிலுள்ள காற்றினாலேயாம். மரத்தின் கண்ணறைச் சுவர் தண்ணீரைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமுடையது. ஆகவே காற்று நீங்கி நீர் புகுந்தால் எந்த மரமும் அமிழும். கொதிக்கும்போது காற்று விரிந்து வெளியேறுகிறது. ஆறும்போது அவ்விடத்தை நிரப்பத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. எனவே கொதித்தவுடன் கட்டையை வெளியே எடுத்தால் காற்றே மீண்டும் புகும். அடுப்பை அணைத்து, மறுநாள் வரையில் அதே தண்ணீரில் அமிழ்ந்தபடி ஆற விட வேண்டும். அண்டாவில் அடங்காத பெருங்கட்டையை, கொதிநீரைப் பலமுறை மேலே ஊற்றி, ஊறலில் இட வேண்டும்.

ஊற வைத்தல்

அவித்த கட்டையைச் சிமெண்டுத் தொட்டியிலோ பிளாஸ்டிக் டிரம்மிலோ கல் ஏற்றி ஊறப் போட வேண்டும். புதுச் சிமெண்டுத் தொட்டி சுண்ணாம்பைக் கக்குமாதலால் பழகிய தொட்டியாக இருத்தல் வேண்டும். 3 நாட்களுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுக. கழிக்கும் தண்ணீரைத் தென்னைக்கோ வாழைக்கோ விடலாம். தொட்டியைத் துணியால் மூடி வைத்தல் மிக அவசியம். மூடாத தொட்டியில் டெங்குக் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே போதும்.

சிறு கட்டை இரண்டு வாரத்திலும், துவர் மிகுந்த பெருங்கட்டை இரண்டு மூன்று மாதத்திலும் பக்குவப்படலாம். நாளைக் கொண்டு தீர்மானிப்பதைவிடக் குறியைக் கொண்டு தீர்மானிப்பது சரி. கட்டை தானே அமிழ வேண்டும். வெள்ளைப் பாத்திரத்தில் புதுத் தண்ணீரில் ஒரு நாள் இட்டால், தண்ணீர் மிக இலேசான தேநீர் நிறத்துக்கு மேல் கறுக்கலாகாது. தண்ணீரில் வழுவழுப்போ துர்நாற்றமோ எண்ணெய்ப் படலமோ இருத்தல் கூடாது.

ஒப்புத் தொட்டிப் பரீட்சை

புதிய உரத்தைச் சோதிக்கும்போது, உரமிட்ட பாத்திக்குப் பக்கத்தில் உரமிடாத பாத்தி ஒன்றையும் வைத்து ஒப்பிடுகிறோம். கட்டைக்கும் இம்முறையே சிறந்தது. 20 லிட்டர் கொள்ளும் இரண்டு தொட்டிகளில் ஒரே கிணற்றுத் தண்ணீரை ஒரே நாளில் ஊற்றுக. ஒன்றில் கட்டையை இடுக. மற்றதில் ஒன்றும் இடாதிருக்க. 3 நாள் கழித்து இரண்டிலிருந்தும் ஒவ்வொரு தம்ளர் தண்ணீர் எடுத்து, மீன் குஞ்சுக்கு இரையாக வளர்க்கும் டாப்னியா என்னும் தண்ணீர்த் தெள்ளுப்பூச்சிகளைப் பத்துப் பத்தாக விடுக. பூச்சி மருந்து விஷயத்தில் இவை மீன்களைக் காட்டிலும் மென்மையானவை. இரண்டு நாளில் கட்டைத் தண்ணீரிலுள்ளவை மாத்திரம் மடிந்தால் அக்கட்டை ஆகாது என்று அறியலாம். இரண்டிலும் மடிந்தால் குற்றம் தண்ணீரில் இருக்கிறது; கட்டையை அதனால் பழிக்கலாகாது.

இதில் தேறிய பின், ஒவ்வொரு தொட்டியிலும் மூன்று நான்கு சாதாரண மீன்களை விட்டு, சம இரையிட்டு, 7 நாள் கவனிக்க வேண்டும். இரை எடாமை, மேலே வந்து திணறுதல், தாறுமாறாக நீந்துதல் ஆகியவை கட்டைத் தொட்டியில் மாத்திரம் காணப்பட்டால், மீன்களை உடனே எடுத்துவிட்டுக் கட்டையைத் தள்ள வேண்டும். மருந்து பட்டதென்று சந்தேகமுள்ள கட்டையைச் சமையலடுப்பிலும் எரிக்கலாகாது. இப்பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் செல்லும். விற்பனைக்குக் கட்டை கொடுப்பவர்கள் இதைச் செய்யாது கொடுத்தல் கூடாது. வாங்கியவர் வீட்டில் மீன் செத்தால் அந்தக் கட்டையோடு அவ்வூர்ச் சரக்கு முழுவதற்குமே பேர் கெட்டுவிடும்.

தொட்டியில் வைத்தல்

கட்டை சாயாதிருக்க அடியிற் கல்லை வைத்துத் துருப்பிடியாத எஃகுத் திருகினால் இணைக்கலாம். கடப்பைக் கல் சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்தது. மென்னீர் வேண்டும் மீன்களுக்கு ஆகாது. கருங்கல் துண்டு எத்தொட்டிக்கும் பொருந்தும். கட்டையைக் கண்ணாடியின் இரு பக்கமும் முட்டுமாறு இறுக்கி வைக்கலாகாது. நீரில் மரம் உப்புமாதலால் கண்ணாடி விரிசலடையக் கூடும்.

முதல் இரண்டு மூன்று வாரங்களில் கட்டையின் மேல் வெண்மையான கோழை போன்ற படலம் தோன்றுவது சகஜம். நுண்ணுயிர்களும் பூஞ்சணமும் எஞ்சிய சத்தை உண்பதனால் வருவது இது. தூரிகையால் தேய்த்துவிட்டால் நாளடைவில் நின்றுவிடும். நாற்றம் உண்டானால் மாத்திரம் கட்டையை எடுத்து மீண்டும் அவிக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

வெள்ளத்தில் வந்த மரம் கண்டெடுத்தவர்க்கே சொந்தம் என்பது பொதுவான எண்ணம். அது சரியன்று. மிதந்து வந்த மரங்களையும் கரையொதுங்கிய மரங்களையும் பற்றி வனச் சட்டங்களில் தனி விதிகள் உண்டு. சந்தனம், ஈட்டி, தேக்கு ஆகியவையாகத் தோன்றினாலும், சுத்தியல் முத்திரை காணப்பட்டாலும், அம்மரத்தை அப்புறப்படுத்தாமல் கிராம நிர்வாக அலுவலருக்கும் வனத்துறையினருக்கும் தெரிவிக்க வேண்டும். ஆற்றுப் புறம்போக்கிலும் ஏரியிலும் கிடக்கும் கட்டையை வியாபாரத்திற்கு எடுப்பதற்கு முன் அனுமதி கேட்டுக்கொள்வது வழக்கைத் தவிர்க்கும். பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற அலையாத்திக் காடுகளிலிருந்து உலர்ந்த வேரைக் கூட எடுக்கலாகாது.

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. விலை கிடைக்கிறது என்று தெரிந்தால், ஒதுங்கிய கட்டையைப் பொறுக்குவதோடு நில்லாமல், கரையில் நிற்கும் மருது, நாவல் முதலியவற்றின் வேரைத் தோண்டி அறுக்கச் சிலர் துணிவார்கள். ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டிருப்பவை அவ்வேர்களே. இன்று அறுத்த ஒரு வேருக்காக அடுத்த வெள்ளத்தில் கரை உடைந்து பல ஏக்கர் நஞ்சையில் மணல் மூடுமாயின், அந்நஷ்டத்தை எந்த மீன் தொட்டி வியாபாரமும் ஈடு செய்யாது. மேலும், பச்சை வேர் மீன் தொட்டிக்கு உதவாது என்பதை முன்னரே கூறினோம். ஆகவே அதை அறுப்பவருக்கும் அதனால் லாபமில்லை என்பதைக் கிராமத்தார்க்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

இத்தொழிலுக்கு முதல் அதிகம் வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும். இடம் அறிந்து, மரம் அறிந்து, வைரம் பார்த்து எடுத்த கட்டை, அவித்து ஊறி ஒப்புத் தொட்டியில் தேறுமாயின், அது தொட்டியில் பல வருஷம் கெடாமல் நிற்கும். இடம் அறியாமல் எடுத்த கட்டையை எத்தனை முறை அவித்தாலும் அது நம்பத் தக்கதாகாது. ஆற்றங்கரையிலேயே இவற்றை விசாரித்து, சந்தேகமுள்ள கட்டையை அங்கேயே விட்டு வருதல் விறகுச் செலவையும் மீன்களின் உயிரையும் ஒருங்கே காக்கும்.